பழைய பியானோக்களின் மரவேலையும் அழகுவேலையும்

இசைக் கருவி என்றவுடன் நாம் அதன் ஒலியையே முதலில் நினைக்கிறோம். யாழைப் பற்றி ஆராயும் அறிஞர்கள் நரம்பின் தொகையையும் பண்ணின் வகையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். பத்தரைக் குடைந்து, கோட்டை வளைத்து, போர்வைத் தோலை இழுத்துத் தைத்த தொழிலாளியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. மேலைநாட்டு இசையுலகில் தலைமை பெற்று விளங்கும் பியானோவின் நிலையும் இதுவேயாம். அதனை வாசித்துப் புகழ் பெற்றோரின் வரலாறுகள் பல உள. அதனை அறுத்து, இழைத்து, ஒட்டி, மெருகேற்றிய கைகளின் வரலாறோ சிறிதளவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றை ஏட்டில் மட்டும் தேடுதல் போதாது. கருவியின் மரத்திலும் தேடுதல் வேண்டும்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் தோட்டத்துத் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 1980-ஆம் ஆண்டு வாக்கில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து பங்களாவிலே கிடந்த ஒரு பழைய பியானோவைச் செப்பனிடுமாறு அவரை அழைத்தனர். பள்ளி விடுமுறையாதலின் நானும் உடன் சென்றேன். இந்நாட்டுக் காற்றின் ஈரத்தால் பசை இளகி, பக்கப் பலகையின் மேல்தகடு தோலுரிந்தாற்போல் எழும்பியிருந்தது. தந்தையார் கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினார். கடைசிக் கட்டையின் பக்கவாட்டில், வெளியே தெரியாத இடத்தில், மையினால் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. முன்பலகையில் பொன்னெழுத்தில் இருந்ததோ வேறொரு பெயர்.

“ஏம்ப்பா, முன்னால வேற பேரு போட்டிருக்கே?” என்று கேட்டேன்.

“அது கம்பெனிப் பேரு. இது வேலை செஞ்சவன் பேரு” என்று சொல்லிவிட்டு, அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். இக்கட்டுரை அவ்விரு பெயர்களையும் பற்றியது.

பியானோவுக்கு முன்னர்

பியானோவின் அழகுவேலையை அறிய விரும்புவோர், அதற்கு முற்பட்ட ஹார்ப்சிகார்டு என்னும் கருவியிலிருந்து தொடங்குதல் நன்று. கட்டையை அழுத்தியதும், பறவை இறகின் முள்ளொன்று எழுந்து தந்தியைச் சுண்டி ஒலி எழுப்பும் அமைப்புடையது அது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இதனைச் செய்வதில் புகழ் பெற்றிருந்த நகரம், இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள ஆண்ட்வெர்ப். அங்கே ரக்கர்ஸ் என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை நடத்தினர்.

அவர்கள் செய்த கருவிகளின் ஒலிப்பலகையிலே பூக்களும் பறவைகளும் வண்டுகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். பெட்டியின் உட்புறம் அச்சிட்ட பூத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். மூடியிலே இலத்தீன் மொழியில் அறமொழி ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஒலிப்பலகையின் துளையில் பொன்முலாம் பூசிய வட்டப் பதக்கம் ஒன்று இருக்கும். அதில் செய்தவரின் முதலெழுத்துகள் காணப்படும். கைவினைஞன் தன் பெயரைக் கருவியின் நடுவிலேயே பொறித்துக்கொண்ட காலம் அது.

அந்நகரில் ஓவியர்க்குரிய தூய லூக்கா சங்கம் என்றொரு தொழிற்சங்கம் இருந்தது. ஹார்ப்சிகார்டு செய்வோரில் சிலர் தொடக்கத்தில் ஓவியர் என்ற வகையிலேயே அதில் இடம்பெற்றனர். 1557-ஆம் ஆண்டில் இத்தொழிலாளர் பதின்மர் ஒன்றுகூடி, கருவி செய்வோர் என்ற தகுதியிலேயே தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பம் செய்தனர். மறு ஆண்டு அவ்வுரிமை வழங்கப்பட்டது. ஓவியமும் தச்சும் இசையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மெல்லொலியும் வல்லொலியும்

ஹார்ப்சிகார்டில் ஒரு குறை இருந்தது. கட்டையை மெல்லத் தொட்டாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. இக்குறையை நீக்கியவர் இத்தாலியின் பாதுவா நகரிற் பிறந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபரி (1655-1731) ஆவார். 1688-ஆம் ஆண்டளவில் அவர் புளோரன்ஸ் நகரில் மெதிச்சி குலத்து இளவரசர் பெர்டினாண்டோவிடம் பணியில் அமர்ந்தார். 1700-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அரண்மனைக் கருவிப் பட்டியலில், மெல்லொலியும் வல்லொலியும் தரும் புதிய கருவி ஒன்று அவர் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளது. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்பது மெல்லொலி. ‘போர்ட்டே’ என்பது வல்லொலி. இரண்டும் சேர்ந்த பெயர் நாளடைவில் சுருங்கி, மெல்லொலி மட்டும் எஞ்சிற்று. மெல்லினம், வல்லினம் என எழுத்துக்களைப் பகுத்த தமிழர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

அவர் தந்தியைச் சுண்டுவதை விடுத்துச் சிறு சுத்தியலால் அடிக்கும் பொறியை அமைத்தார். அடித்த சுத்தியல் தந்தியின் மேலேயே தங்கிவிட்டால் ஒலி செத்துவிடும். ஆதலின், அடித்தவுடன் விலகி விழும் நுட்பத்தையும் அவரே கண்டார். அவருடைய சுத்தியல் தலைகள் சில, தாளைச் சுருளாகச் சுற்றிப் பசையிட்டு, மேலே தோல் வைத்துச் செய்யப்பட்டவை. தாளும் தோலும் பசையும் கொண்டே உலகின் முதற் பியானோ பிறந்தது என்பது வியப்புக்குரியது.

அவர் செய்த பியானோக்களுள் மூன்று இன்றும் உள்ளன: 1720-இல் செய்தது நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது ரோமிலும், 1726-இல் செய்தது லைப்சிக் நகரிலும் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன. நியூயார்க்கில் உள்ளதைக் காண்போர் அதன் எளிமையைக் கண்டு திகைப்பர். அரசகுலத்துக்குச் செய்பவராயிருந்தும் கிறிஸ்தோபரி தம் திறமையை வெளிப்பூச்சில் அன்றி உள்ளுறுப்பிலேயே செலவிட்டார்.

இலண்டன் தச்சர்கள்

அரண்மனைக் கருவியை வீட்டுக் கருவியாக்கிய பெருமை இலண்டன் நகருக்கு உரியது. ஜெர்மனியிலிருந்து அங்குக் குடியேறிய யோகான்னஸ் சும்பே என்பவர், 1766-ஆம் ஆண்டளவில் ‘சதுரப் பியானோ’வைச் செய்து விற்கலானார். பெயர் சதுரமேயன்றி வடிவம் நீள்சதுரம். மேசை போன்ற தாங்கியின் மேல் வைக்கத்தக்கது. நடுத்தரக் குடும்பத்தாரும் இதனை வாங்கினர்.

ஸ்காட்லாந்தில் தச்சுத் தொழில் பயின்ற ஜான் பிராட்வுட் (1732-1812), 1761-இல் இலண்டனுக்கு வந்து, ஹார்ப்சிகார்டு செய்த ஷூடி என்பவரிடம் சேர்ந்தார். 1769-இல் அவர் மகளை மணந்தார். பின்னர்த் தொழில் முழுவதையும் ஏற்றார். 1817-இல் வியன்னாவில் இருந்த பீத்தோவனுக்கு அனுப்பப்பட்ட பியானோ இந்நிறுவனத்தாருடையது. அது இப்போது புடாபெஸ்ட் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

இலண்டன் கருவிகளின் மரவேலை முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். பெட்டியின் உடல் உறுதியான எளிய மரத்தால் ஆனது. அதன்மேல் வினியர் எனப்படும் மெல்லிய மரத்தகடு ஒட்டப்படும். தச்சன் வச்சிரப் பசையைக் காய்ச்சிப் பூசி, சூடு ஆறுமுன் தகட்டை விரித்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்த்து மிகுதிப் பசையை வெளியேற்றுவான். ஓரிடத்தில் காற்றுக்குமிழ் நின்றுவிட்டாலும் பிற்காலத்தில் அவ்விடம் எழும்பிவிடும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரு தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் எதிரெதிரே வைத்து ஒட்டினால், இருபுறமும் மரவரிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல்போல் பொருந்தும். பழைய பியானோக்களின் முகப்பில் நாம் காணும் பூப்போன்ற வரிக்கோலம் இவ்வாறு உண்டானதே, தீட்டியது அன்று.

தொடக்கத்தில் தகடுகள் கைவாளால் அறுக்கப்பட்டன, ஆகவே கனமாயிருந்தன. 1806-இல் மார்க் புருனெல் தகடு அறுக்கும் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றபின், மெல்லிய தகடுகள் மலிந்தன. தகட்டின் கனத்தைக் கண்டே கருவியின் காலத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

கட்டைகளுக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகை அழகுவேலைக்குத் தனியிடம். வெளிர்நிற மரத்தில் மலர்க்கொடி தீட்டி, நடுவே கருமையால் இலத்தீனில் ‘இலண்டனில் இன்னார் செய்தார்’ என்று ஆண்டோடு எழுதுவது வழக்கம். ‘செய்தார்’ என்று எழுதப்பட்ட பிராட்வுட்டின் பட்டறையிலோ, பெட்டி செய்வோர், கட்டை அறுப்போர், தந்தி பூட்டுவோர், மெருகிடுவோர் எனப் பலர் தனித்தனியே உழைத்தனர்.

காடுகள் தந்த அழகு

இவ்வழகு எங்கிருந்து வந்தது என்று கேட்போமாயின், ஒரு பியானோவே உலகப் படமாக விரியக் காண்போம். மகோகனி மரம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் வந்தது. 1721-இல் குடியேற்ற நாட்டு மரங்களுக்கு இங்கிலாந்தில் சுங்கவரி நீக்கப்பட்டபின் அது பெருகிற்று. காட்டிலே அதனை வெட்டிச் சாய்த்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகள்.

ஈட்டி வகை மரம் பெரும்பான்மை பிரேசிலிலிருந்தும், ஒருபகுதி இந்தியாவிலிருந்தும் சென்றது. பட்டுப்போல் மின்னும் மஞ்சள்நிற மரம் ஒன்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமக்கள் வீடுகளில் விரும்பப்பட்டது. அது முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பின்னர்த் தென்னிந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்தும் பெறப்பட்டது. இலங்கைத் தமிழர் முதிரை என்று வழங்கும் மரமே இப்பின்னது. கருப்புக் கட்டைகளுக்கு ஏற்ற கருங்காலியும் இலங்கைக் காடுகளில் சிறந்து வளர்ந்து ஏற்றுமதியானது. மலிவான கருவிகளில் பேரிமரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றினர்.

மெருகின் கதையும் நம் பக்கத்தையே சார்ந்தது. பலாசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்கை இந்தியாவில் உருக்கித் தூய்மை செய்து அனுப்பினர். அதனைச் சாராயச் சத்தில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, மென்படலமாகப் பன்முறை ஏற்றுவர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவிய பிரெஞ்சு மெருகு என்பது இதுவே. பெயர் பிரெஞ்சு, பொருள் இந்தியாவினது.

காட்சிக்குரிய கருவிகள்

செல்வர் வீட்டில் பியானோ ஒலிக்கும் நேரம் குறைவு. கண்ணுக்குக் காட்சியாய் நிற்கும் நேரமே மிகுதி. இதனை நன்கு உணர்ந்தே கலைஞர்கள் அதனை அணி செய்தனர். 1796-இல் பிராட்வுட் நிறுவனம் ஸ்பெயின் நாட்டு அமைச்சர் கொதோய்க்காக ஒரு பியானோ செய்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் மரச்சாமான் கலையில் பெயர்பெற்ற தாமஸ் ஷெரட்டன். வெட்ஜ்வுட் பீங்கான் பதக்கங்கள் அதில் பதிக்கப்பட்டன. அது இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

வியன்னாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்திகளை நிமிர்த்தி வைத்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துப்போல் உயர்ந்து வளைந்த பியானோக்களைச் செய்தனர். முகப்பிலே பட்டுத்துணியை ஞாயிற்றின் கதிர்போல் மடித்து விரித்தனர். விக்டோரியா அரசியாருக்காக 1856-இல் எரார் நிறுவனத்தார் செய்த பியானோ பொன்மயமானது. இசைக்கருவிகள் வாசிக்கும் குரங்குகளின் ஓவியங்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன. அது பக்கிங்ஹாம் அரண்மனையில் இருக்கிறது.

இவ்வரிசையில் தலைசிறந்தது எனத்தக்கது, நியூயார்க் செல்வர் ஹென்றி மார்குவாண்டுக்காக 1884 முதல் 1887 வரை செய்யப்பட்ட ஸ்டைன்வே பியானோ. பெட்டியை வடிவமைத்தவர் ஓவியர் அல்மா-டடேமா. இலண்டனில் ஜான்ஸ்டோன் நார்மன் நிறுவனத்தார் அதனைச் செய்தனர். கருங்காலி, தேவதாரு, தந்தம், முத்துச்சிப்பி ஆகியவற்றால் கிரேக்க, உரோமானிய முறையில் இழைப்புவேலை நிறைந்தது. கட்டைகளுக்கு மேலுள்ள பலகையில் எட்வர்டு பாயின்டர் ஓவியம் தீட்டினார். 1997-இல் ஏலத்தில் 7,16,500 பவுனுக்கு விலைபோன இது, மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கிளார்க் கலைக்கூடத்தில் உள்ளது.

இக்கருவியில் ஒரு செய்தி கருதத்தக்கது. மூடியின் மேல் அப்பல்லோவின் பெயரும் கலைத்தெய்வங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மூடியின் உட்புறத்தில், அதனை வாசிக்கும் இசைவாணர்கள் கையொப்பமிடுவதற்கென்றே தோற்பலகை வைக்கப்பட்டது. தெய்வங்களுக்கும் வாசிப்போருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. இழைப்புவேலை செய்த தொழிலாளர் ஒப்பமிட அத்தகைய பலகை எதுவும் வைக்கப்படவில்லை.

தந்தத்தின் விலை

வெள்ளைக் கட்டைகளின் மேல் ஒட்டப்பட்ட தந்தத்தைப் பற்றி எழுதாமல் இவ்வரலாறு நிறைவுறாது. வியர்வையை ஓரளவு உறிஞ்சி விரலுக்கு வழுக்காமல் இருப்பதால் தந்தம் விரும்பப்பட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் முன்துண்டு, பின்துண்டு என இரண்டு தகடுகளை ஒட்டுவர். உற்று நோக்கினால் இரண்டும் கூடுமிடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். பிளாஸ்டிக் தகடு பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்கும். பழைய கருவியை ஆராய்வோர் முதலில் பார்க்கும் அடையாளம் இதுவே.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டீப் ரிவர், ஐவரிட்டன் என்னும் சிற்றூர்கள் தந்தம் அறுப்பதையே பெருந்தொழிலாகக் கொண்டிருந்தன. அறுத்த தகடுகளைக் கண்ணாடிக் கூரை வேய்ந்த கொட்டகைகளில் வெயிலில் பரப்பி வெளுக்க வைத்தனர். அத்தந்தத்தின் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் துறைமுகத்தின் வழியாக வந்தது. உள்நாட்டுக் காடுகளிலிருந்து கடற்கரைக்குப் பல நூறு மைல் தொலைவு தந்தங்கள் மனிதர் தோளிலேயே வந்தன. சுமந்தவருள் கூலி பெற்றோரும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான யானைகள் அழிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பிளாஸ்டிக் அந்த இடத்தைப் பிடித்தது. 1989-இல் உலக நாடுகள் ஆப்பிரிக்கத் தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்ய முடிவு செய்தன. பிரிட்டன் 2018-இல் இயற்றிய தந்தச் சட்டம் உள்நாட்டு விற்பனையையும் கட்டுப்படுத்துகிறது. எனினும் 1975-க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கிறது. இவ்விலக்கு முறையானதென்றே நான் கருதுகிறேன். பழைய கட்டையிலிருந்து தந்தத்தைப் பெயர்த்து எறிவதால் எந்த யானையும் உயிர்பெறப்போவதில்லை. அந்த யானைக்கும் அதனைச் சுமந்தவனுக்கும் எஞ்சியுள்ள சான்றே அழியும்.

இரும்பும் இயந்திரமும்

1825-இல் பாஸ்டன் நகரத்து ஆல்பியஸ் பாப்காக் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்கு உரிமம் பெற்றார். 1843-இல் ஜோனாஸ் சிக்கரிங் அதனைப் பெரிய கிடைப் பியானோக்களுக்கு ஏற்றவாறு அமைத்தார். 1853-இல் தொடங்கப்பட்ட ஸ்டைன்வே நிறுவனம், கடின மரத்தகடுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, ஒருசேர வளைத்துப் பக்கச்சுவர் செய்யும் முறையைப் புகுத்தியது. இன்றைய மேடைப் பியானோவில் தந்திகளின் மொத்த இழுப்பு ஏறத்தாழ 20 டன். மரச்சட்டம் மட்டும் இதனைத் தாங்காது.

ஒலி பெருகப் பெருக, அணி குறைந்தது. மலர்க்கொடியும் இழைப்புவேலையும் மெழுகுவத்தித் தாங்கியும் படிப்படியே மறைந்து, மேடையில் நிற்கும் பியானோவுக்குக் கருநிற மெருகே வழக்கமாயிற்று. நன்மை இல்லாமல் இல்லை. விலை குறைந்து பள்ளிகளிலும் எளியோர் வீடுகளிலும் பியானோ புகுந்தது. ஆயினும் கருநிற மெருகின் அடியில் எந்தக் காட்டு மரம் இருக்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாமற் போயிற்று.

நாம் செய்யத்தக்கது

பழைய பியானோக்களைப் பிரித்துச் செப்பனிடுவோர், கட்டைகளின் பக்கத்திலும் பெட்டியின் உட்புறத்திலும் தொழிலாளரின் பெயர்களையோ முதலெழுத்துகளையோ அவ்வப்போது காண்கின்றனர். தம் வேலைக்குத் தாமே பொறுப்பு என்று காட்ட எழுதினரோ, தாமும் இவ்வுலகில் இருந்தோம் என்று குறிக்க எழுதினரோ, அவர்தம் உள்ளத்தை நாம் அறியோம். ஆனால் எழுதினர். அக்கருவி உடைபடும் அன்று அப்பெயரும் மறைகிறது.

நான் கண்ட பியானோவுக்கும் அதுவே நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பங்களா இடிக்கப்பட்டபோது, செல்லரித்த பியானோவும் விறகாயிற்று. கட்டையில் இருந்த பெயரை அன்று நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், தாளில் குறித்துக்கொள்ளவில்லை. இன்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. முன்பலகையில் இருந்த கம்பெனிப் பெயர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளில் பழைய மேசையும் கரும்பலகையும் ஆர்மோனியமும் இருக்கின்றன. தோட்டத்துக் கோயில்களில் பழைய தேரும் வாகனமும் இருக்கின்றன. பழுதானதை எறியுமுன், மாணவர்களை அழைத்து அதன் அடியிலும் பின்புறத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மரம், எவ்வாறு பொருத்தப்பட்டது, யார் செய்தது என்று கேட்கச் சொல்லுங்கள். பெயர் ஏதேனும் கிடைத்தால் உடனே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.